பதினோராவது எழுத்து

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கவிநேசனுக்கு உட்காரவும் இருப்புக்கொள்ளவில்லை, நிற்கவும் இருப்புக்கொள்ளவில்லை. ஜாசினில் எழுதுபொருள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் விசிறி சுற்றியதே தவிர காற்று வந்தபாடில்லை. எதிரே வந்து உட்கார்ந்த பெண் அழுதிருந்தாலாவது அவனுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அவள் அழவில்லை. கைப்பையின் வாரை இரண்டு கையாலும் திருகிக்கொண்டே இருந்தாள்.

"என் பேரு விஜயராணி. செலண்டார்ல ஒரு கிளினிக்ல கிளார்க்கா இருக்கேன். நேத்து சாயந்திரத்துல இருந்து நான் திருடி," என்றாள்.

கவிநேசன் சன்னலை விட்டுத் திரும்பினான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இந்திராதேவி அசையவில்லை. இருபது வருடத்துக்கு மேல் காப்புறுதி அலுவலகத்தில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறவர் அவர். உலகமே தலைகீழாகக் கவிழ்ந்தாலும் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவரிடம் நான்கு வருடமாகக் காரோட்டியாகவும் உதவியாளனாகவும் இருக்கும் கவிநேசனுக்கோ எல்லாம் இந்த நிமிடமே நடந்தாக வேண்டும். எப்படித்தான் ஒத்துப்போகிறார்களோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"எதைத் திருடுனதா சொல்றாங்க?" என்று கேட்டார் இந்திராதேவி.

"ஒரு எழுத்தை."

விஜயராணி சொன்னது இதுதான். பெம்பானில் ஆங்கிலச் சொல்லாட்டக் கழகம் ஒன்று இருக்கிறது. பேர்தான் கழகம், மொத்தமே நாற்பது தமிழர்கள். வருடா வருடம் கோப்பை வைத்துப் போட்டி நடத்துவார்கள். மேடையில் சில மர எழுத்துகளை நிறுத்தி வைப்பார்கள். மணி அடித்ததும், அந்த எழுத்துகளுக்குள் அடங்கும் ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடித்து வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டே போக வேண்டும். நீளமான சொல்லுக்கு அதிகப் புள்ளி. ஒருமை தனிச் சொல், பன்மை தனிச் சொல்.

"எழுத்துங்கள தலைவர் அப்புசாமி ஐயாதான் எடுப்பாரு. முதல் நாளே பையில கைய விட்டு, கண்ண மூடிக்கிட்டு பத்து எடுத்து, ஒரு பிஸ்கட் டின்னுல போட்டு டேப் ஒட்டிருவாரு. அது ஒரு ராத்திரி அவரு வீட்டு சாமி ரூம்ல சரஸ்வதி படத்துக்கு முன்னால இருக்கணும். ஆரம்பத்துல இருந்தே அதான் வழக்கம். மறுநாள் மேடையிலதான் திறப்பாரு."

"நேத்தும் அப்படித்தானே?"

"அப்படித்தான். நான்தான் ஜெயிச்சேன். கோப்பையக் கையில குடுத்துட்டாங்க அக்கா. அப்புறம் ஐயா எழுத்துங்கள டின்னுல எடுத்துப் போடும்போது எண்ணிப் பாத்திருக்காரு. பதினொண்ணு இருக்கு."

கவிநேசன் விசிலடித்தான். இந்திராதேவி ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அதிகமா இருந்த எழுத்து எது?"

"எஸ். ஐயா போட்ட பத்துல எஸ் இல்லையாம், அது அவருக்கு நல்லா ஞாபகம் இருக்காம். டின்னப் பாத்தா பழைய டேப்புக்கு மேல புது டேப் ஒட்டியிருக்கு. யாரோ ராத்திரி டின்னத் திறந்து எஸ்ஸ உள்ள போட்டிருக்காங்க." அவள் பெருமூச்சு விட்டாள். "எஸ் கிடைச்சா எங்க ஆட்டத்துல தங்கம் கிடைச்ச மாதிரி அக்கா. எந்தச் சொல்லுக்கும் வால் மாதிரி ஒட்டிக்கலாம், ஒண்ணு ரெண்டாயிரும். நான்தான் அதிகமா ஒட்டியிருந்தேன். உடனே என்கூட ஆடுன தினேஷ்வரன் மேடையில ஏறி, 'எஸ்ஸால யாருக்கு லாபம்? அவதான் போட்டிருக்கா'ன்னு கத்திட்டான். கோப்பையத் திருப்பி வாங்கிட்டாங்க. என் கையில இருந்து, எல்லாரும் பாக்க."

"நீ அந்த வீட்டுக்குப் போனியா?"

"போனேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் போட்டியில ஆடுற நாங்க மூணு பேருமே போனோம், ஐயா மகளுக்கு நிச்சயதார்த்தம் வருது, ஒத்தாசைக்கு. தினேஷ்வரன் வாசல்ல கலர் லைட் கட்டினான். பவன் கார்ல இருந்து சாமானெல்லாம் சாமி ரூம்ல இறக்கி வச்சான். நான் சமையல் கட்டுல இருந்தேன். கிளம்பும்போது சாமி ரூம்ல நின்னு கும்பிட்டேன், டின்னையும் பாத்தேன். அத நானே வாயால சொல்லிட்டேன். அதுவும் இப்ப குத்தமாயிருச்சு."

"இவ்வளவு அவசரமா என்னத் தேடி வந்திருக்கியே, ஏன்?"

வார் அறுந்தேவிட்டது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"மலாக்காவுல ஒரு தனியார் பள்ளியில பிள்ளைங்களுக்கு இந்த ஆட்டம் சொல்லித்தர ஆள் எடுக்கிறாங்க. கோப்பை ஜெயிக்கிறவங்களுக்குத்தான் வேலைன்னு பேச்சு. நாளைக்கு நான் போய்ச் சேரணும். இன்னிக்கு சாயந்திரம் கமிட்டி கூடி என்னை நீக்கிட்டு பள்ளிக்கும் எழுதப்போறாங்க. வேலை போனா போகுது அக்கா, வேற தேடிக்கலாம். ஆனா வாட்சாப் குரூப்ல என் படத்தப் போட்டு 'எழுத்துத் திருடி'ன்னு எழுதிட்டாங்க. செலண்டார் பாசார்ல இனிமே நான் எப்படி நடப்பேன்? சாயந்திரத்துக்குள்ள ஏதாவது செய்ங்க."

கவிநேசன் கார்ச் சாவியை எடுத்துவிட்டான். ஆனால் இந்திராதேவி, "அந்தப் போட்டிய யாராச்சும் வீடியோ எடுத்தாங்களா?" என்று சாவகாசமாகக் கேட்டார்.

எடுத்திருந்தார்கள். விஜயராணியின் கைப்பேசியில் மூவரும் பார்த்தார்கள். மேடையில் மூன்று மேசைகள், நடுவே மர எழுத்துகள் வரிசையாக நின்ற தாங்கி. மணி அடித்தது. விஜயராணி எழுத்துகளைப் பார்த்து உதட்டை அசைத்து அசைத்து எழுதினாள். தினேஷ்வரன் பேனாவைக் கடித்துக்கொண்டு, கோழி தண்ணீர் குடிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். மூன்றாமவனான பவன், மெல்லிய உடம்புக்காரன், குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனான்.

முடிவில் பலகைகளைத் திருப்பிக் காட்டினார்கள். விஜயராணியின் பலகையில் ரிலேஷன், ரிலேஷன்ஸ், ட்ரையாங்கல், ட்ரையாங்கல்ஸ் என்று சோடி சோடியாகச் சொற்கள். தினேஷ்வரன் டெயில்ஸ், நெயில்ஸ், சால்ட் என்று சின்னச் சின்னதாக நிரப்பியிருந்தான். பவன் எழுதியவை பெரிய பெரிய சொற்கள். ரிலேஷன், ஓரியன்டல், ட்ரையாங்கல், கிரேடியன்ட், ஐடலேட்டர்.

"ஐடலேட்டரா? அப்படின்னா என்னலா?" என்றான் கவிநேசன்.

"சிலையக் கும்பிடுறவங்க," என்றாள் விஜயராணி. "பவன் கெட்டிக்காரன் அண்ணே. பாவம், மூணு வருஷமா ரெண்டாவதாவே வர்றான். நேத்து எனக்காகப் பேசுன ஒரே ஆளு அவன்தான். அவன்தான் என்னை வீட்டுல கொண்டுவந்து விட்டான்."

"தினேஷ்வரன்?"

"கடைசி. இப்ப என்னை நீக்கினா ரெண்டாவது இடம் அவனுக்கு."

கவிநேசனுக்கு அதுவே போதும். கடைசியில் வந்தவன், கத்தியவன், வாசலில் ஏணி வைத்து ஏறினவன். இதற்குமேல் என்ன வேண்டும்? படியில் இறங்கும்போதே சொல்லிவிட்டான். "அக்கா, தினேஷ்வரன்தான். மோட்டார் பட்டறை வச்சிருக்கானாம். நேராப் போயி சட்டையப் புடிச்சுருவோம்."

"சட்டையப் புடிக்கிறதுக்கு முன்னால டின்னப் பாத்துருவோம், நேசா," என்றார் இந்திராதேவி.

* * *

செலண்டாரில் அப்புசாமியின் வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய புதுத் தாமான் குடியிருப்பில் இருந்தது. வாசலில் கட்டிய கலர் விளக்குகள் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. ஓய்வுபெற்ற நில அலுவலக அதிகாரியான அப்புசாமி, தமக்கே தண்டனை விதித்துவிட்டதுபோல் விறைப்பாக நாற்காலியில் இருந்தார்.

"பாருங்கம்மா, எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவமில்ல. ஆனா நான் போட்டது பத்து. என் கையால போட்டேன், என் கையால ஒட்டினேன். ரூல்ஸ்னா ரூல்ஸ்."

"ஐயா கண்டிப்பானவருன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் இந்திராதேவி. அது புகழ்ச்சியா இல்லையா என்று அப்புசாமிக்குப் புரியவில்லை. இருந்தாலும் டின்னை எடுத்துவரப் போனார்.

அவர் பின்னாலேயே சாமி அறைக்குள் நுழைந்த கவிநேசன், தரையில் இருந்த எதன்மீதோ இடித்துக்கொண்டான். அத்தனையும் சீர்த்தட்டுகள். பளபளக்கும் தாளில் சுற்றிய பழம், இனிப்பு, சேலை, தேங்காய். சமையல் கட்டிலிருந்து அப்புசாமியின் மனைவி மங்களம் கைப்பேசியில் யாரிடமோ பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ள வீட்டுல பத்துன்னா நாமளும் பத்தா? மொட்டையா யாராச்சும் பத்து வைப்பாங்களா? வெளங்கவா? நான் பதினொண்ணு வச்சுட்டேன், சொல்லிரு!"

கவிநேசன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, நேரம் ஆகிறதே என்று பல்லைக் கடித்தான். இந்திராதேவி தட்டுகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரஸ்வதி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். படத்துக்குப் பக்கத்தில் மீதி எழுத்துகள் இருந்த துணிப்பை, வாய் கட்டாமல் கிடந்தது.

டின்னில் இரண்டு டேப்புகள் இருந்தன. அடியில் ஒட்டியது கண்ணாடிபோல் நிறமற்றது, மேலே ஒட்டியது பழுப்பு நிறம். இந்திராதேவி பழுப்பு டேப்பை நகத்தால் கவனமாகத் தூக்கினார். அடியிலிருந்த டேப்பின் ஒரு முனை, பிரிக்க வசதியாக உள்பக்கம் சின்னதாக மடித்துவிடப்பட்டிருந்தது.

"ஐயா டேப் ஒட்டும்போது முனைய மடிப்பீங்களா?"

"மடிக்கிறதா? நான் பல்லாலதான் கடிச்சுப் பிப்பேன். என் வீட்டுக்காரிகூட ஏசுவா."

பிறகு எழுத்துகளைக் கைக்குட்டையில் பரப்பினார். பத்து எழுத்துகள் வெறும் மர நிறத்தில் இருந்தன. எஸ்ஸின் பள்ளத்தில் மட்டும் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

"சாப்பிட்ட கை. போட்டி அன்னிக்கி எல்லாரும் எண்ணெயில பெரட்டுன மீ கோரேங் சாப்பிட்டாங்க," என்றார் அப்புசாமி.

இந்திராதேவி அதை மூக்கருகே கொண்டுபோனார். "எண்ணெய்ப் பிசுக்கு இல்லையே," என்று மட்டும் சொன்னார். அப்புறம், "அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வர்றேன்," என்று எழுந்தார்.

"அவகிட்டயா? அவளுக்கு ஏ பி சி டியே தெரியாதும்மா. கல்யாண வேலையில தலைகால் புரியாம நிக்கிறா. நடந்ததையே நான் இன்னும் அவகிட்ட சொல்லல."

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு இந்திராதேவி சமையல் கட்டுக்குள் போய்விட்டார்.

கவிநேசனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். அவன் காரைச் சுற்றி நடந்தான். கண்ணாடியைத் துடைத்தான். தினேஷ்வரனுக்குப் போன் போட்டான். அவனோ எடுத்த எடுப்பிலேயே, "அவதாண்ணே போட்டா! வேற யாருக்கு அந்த மூளை இருக்கு? நான் இத விடமாட்டேன்!" என்று காது கிழியக் கத்தினான். கவிநேசனும் பதிலுக்குக் கத்தினான். தோட்டத்துப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று இரண்டு பேரையும் வெறுத்துவிட்டு நகர்ந்தது.

இந்திராதேவி வந்து காரில் ஏறினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னக்கா சொன்னாங்க?"

"சேலை விலையெல்லாம் ஏறிப்போச்சாம்."

"அக்கா!"

"பவன் வேலை செய்ற பார்சல் கடை பெம்பான்லதான்னு அந்தம்மா சொன்னாங்க. அங்க போவோம். எனக்கு ஒரு பெட்டி அனுப்பணும்."

பார்சலாம், பெட்டியாம்! ஒரு பெண்ணின் மானம் சாயங்காலத்தோடு போகப்போகிறது, இவர் பார்சல் அனுப்புகிறார்! கவிநேசன் காரை விரட்டிய விரட்டில் இந்திராதேவி இருக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வழியில் மழை வேறு பிடித்துக்கொண்டது.

பார்சல் கடையில் பவன் மட்டும்தான் இருந்தான். யாரென்று சொன்னதும் உடனே எழுந்து நாற்காலி போட்டான். "விஜி பாவம் அக்கா. அவ அப்படிப்பட்டவ இல்ல. நான் கமிட்டியிலயும் சொல்றேன்," என்றான். குரல் அவ்வளவு மென்மை. கவிநேசனுக்கு அவனைப் பிடித்துப்போனது.

இந்திராதேவி காரிலிருந்து எடுத்துவந்த பழைய காலணிப் பெட்டியை நீட்டினார். அவன் டேப்பை இழுத்து ஒட்டி, வெட்டி, மிச்ச முனையைக் கட்டைவிரலால் ஒரு மடிப்பு மடித்து வைத்தான். யோசிக்காமல் செய்தான், சட்டைப் பொத்தானைப் போடுகிற மாதிரி.

"நேத்து எழுதுனியே, ரொம்பப் பெரிய பெரிய சொல்லு. வீடியோவுல பாத்தேன்," என்றார் இந்திராதேவி.

"தேங்க்ஸ் அக்கா. ஆனா என்ன பண்றது, ரெண்டாவதுதானே," என்று சிரித்தான் பவன்.

* * *

கமிட்டி கூடிய பாலாய் ராயா மண்டபத்தில் மழையிருட்டுக்கு விளக்குகளை ஏற்றியிருந்தார்கள். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம். அப்புசாமி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தினேஷ்வரன் உட்காராமல் உலாத்திக்கொண்டிருந்தான். பவன் விஜயராணிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தான். கடைசி வரிசையில், யார் அழைத்தார்கள் என்றே தெரியாமல், சேலை முந்தானையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மங்களம் உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே பார்த்ததும் அப்புசாமிக்கே ஆச்சரியம்.

"நீ எங்க இங்க?"

"இந்தம்மாதான் வரச் சொன்னாங்க. கார் அனுப்பிச்சாங்க."

அந்தக் காரை ஓட்டியவன் கவிநேசன். வழியெல்லாம் கேட்டும் மங்களம் வாய் திறக்கவில்லை. "அந்தம்மா சொல்லக்கூடாதுன்னாங்க தம்பி," என்றதோடு சரி.

இந்திராதேவி எழுந்து நின்றார். "எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டீங்க. எஸ்ஸால யாருக்கு லாபம்னு. அது தப்பான கேள்வி. முதல்ல, எஸ்ஸ யாரு போட்டாங்கன்னு பாப்போம். அந்த எழுத்துல அப்பியிருந்தது கறி மஞ்சள் இல்ல. எண்ணெய் இல்லாத வெறும் மஞ்சள். வெள்ளிக்கிழமை அந்த வீட்டுல மஞ்சள் கையோட சாமி ரூமுக்குள்ள நடமாடுன ஆளு ஒருத்தர்தான். மங்களம்மா, காலையில என்கிட்ட சொன்னத இங்க சொல்றீங்களா?"

மங்களம் திகைத்துப்போய் எழுந்தார். "என்னத்தச் சொல்ல? வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கப் போனேன். டின்னுல டேப்பு பிரிஞ்சு தொங்குச்சு. சரி, சாமிக்கு வச்சது, உள்ள ஒரு துளி மஞ்சள் குங்குமம் போடுவோம்னு திறந்தேன். எண்ணிப் பாத்தா பத்து. மொட்டையாப் பத்து! நல்ல காரியத்துக்கு யாராச்சும் அப்படி வைப்பாங்களா? மொய் வச்சாகூட நூத்தியொண்ணு வைக்கிறோம். பக்கத்துல பையில நெறைய கெடந்துச்சு, ஒண்ண எடுத்துப் போட்டேன். பாம்பு மாதிரி வளைஞ்சு இருந்துச்சு. பிள்ளைங்க நல்லா ஆடட்டும்னுதான் போட்டேன். மறுபடி டேப்பு ஒட்டி வச்சேன்."

அப்புசாமி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு இது தோன்றவே இல்லையே!

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? போட்டி முடிஞ்சு வந்து குப்புறப் படுத்துக்கிட்டீங்க!"

யாரோ சிரித்தார்கள். தினேஷ்வரன் தலையைச் சொறிந்தான். "அப்ப யாருமே திருடலையா? வெறும் சாமி விஷயமா?"

"அப்படி முடிஞ்சா எனக்கும் சந்தோசம்தான்," என்றார் இந்திராதேவி. "ஆனா அந்தம்மா போறதுக்கு முன்னாலயே டேப் பிரிஞ்சிருந்துச்சுன்னு சொன்னாங்களே, அதக் கவனிச்சீங்களா? ஐயா பல்லால கடிச்சு ஒட்டுன டேப். அதோட முனைய யாரோ மடிச்சு வச்சிருக்காங்க, மறுபடி பிரிக்கச் சுலபமா இருக்கட்டும்னு. ஆக அந்த டின் ரெண்டு தடவை திறந்திருக்கு. மங்களம்மாவுக்கு முன்னால இன்னொருத்தர் திறந்து பாத்திருக்காங்க. அவங்க எதையும் போடல, எடுக்கல. உள்ள இருந்த பத்து எழுத்தையும் பாத்து மனப்பாடம் பண்ணிட்டு மூடிட்டாங்க. மூடுன டேப் சரியா ஒட்டல. ராத்திரி முழுக்க வீட்டுல உக்காந்து, அந்தப் பத்து எழுத்துல என்னென்ன பெரிய சொல்லு அடங்கும்னு கண்டுபிடிச்சாங்க. இப்பல்லாம் எழுத்தப் போட்டா சொல்லு தர்ற இணையத்தளம்கூட இருக்காமே."

கவிநேசனுக்கு வீடியோவில் பார்த்த மூன்று பலகைகளும் கண்முன் வந்து நின்றன.

"அந்த ஆளு பாத்தது பத்து எழுத்த. மேடையில நின்னது பதினொண்ணு," என்றார் இந்திராதேவி. "எஸ்ஸ அதிகமா எழுதுனது யாருன்னு எல்லாரும் தேடுனீங்க. எஸ்ஸ எழுதாதவங்க யாருன்னு நான் தேடுனேன். தினேஷ்வரன் பலகை முழுக்க எஸ். விஜயராணி பலகையில சோடி சோடியா எஸ். இன்னொரு பலகையில ரிலேஷன் இருக்கு, ட்ரையாங்கல் இருக்கு, கிரேடியன்ட் இருக்கு. ஒண்ணுக்குக்கூட வால் இல்ல. சும்மா ஒரு எஸ் போட்டிருந்தா எல்லாம் ரெண்டு மடங்காயிருக்கும், கோப்பையும் கிடைச்சிருக்கும். ஐடலேட்டர்னு ஒரு சொல்லக் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு, எஸ் போடத் தெரியாதா? தெரியும். ஆனா அவரு மேடையில எழுத்தப் பாக்கவே இல்ல. தலை நிமிராம, ராத்திரி படிச்சத ஒப்பிச்சுட்டு வந்திருக்காரு."

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

பவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் நகம் சுட்டுவிரலை மடித்து மடித்து அழுத்தியது. "நான் எஸ்ஸப் போடல அக்கா. சத்தியமா நான் போடல," என்றான்.

"தெரியும்பா. போட்டிருந்தா நீ மாட்டியிருக்கவே மாட்ட."

அவன் தலை இன்னும் கீழே போனது. "மூணு வருஷம் ரெண்டாவதா வந்தேன். அந்த வேலைக்காக... சாமான் இறக்கி வைக்கும்போது ரூம்ல யாருமில்ல. ஒரே ஒரு நிமிசம்தான் திறந்தேன்."

தினேஷ்வரன் அவன்மேல் பாயப் போனான். கவிநேசன் குறுக்கே விழுந்து பிடித்தான். காலையிலிருந்து இவன் சட்டையைப் பிடிக்கத் துடித்த கை, இப்போது இவனையே தடுத்துப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த நேரத்திலும் அவனுக்கு அது வெட்கமாக இருந்தது.

விஜயராணி நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "நேத்து என்னை வீட்டுல இறக்கி விட்டியே பவன். 'அழாத விஜி, உண்மை ஒருநாள் வெளிய வரும்'னு சொன்னியே. கார்ல பாட்டுகூடப் போட்டியே!" குரல் உடைந்தது. "எப்படிடா உன்னால முடிஞ்சுது?"

அவன் விசும்பத் தொடங்கினான். அவன் அழுதது பார்க்கச் சகிக்கவில்லை. மங்களம்கூட எழுந்து அவன் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று நடுவிலேயே நின்றுவிட்டார்.

அப்புசாமி தொண்டையைச் செருமினார். கண்டிப்பெல்லாம் எங்கோ போயிருந்தது. "சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. கோப்பை உனக்குத்தான். பவன் வயசுப் பையன், அவன் அம்மாவுக்கு வேற உடம்பு சரியில்ல. இத வெளிய பெருசாக்க வேணாம். குரூப்ல, எண்ணிக்கையில ஒரு சின்னக் குழப்பம், தீர்ந்துருச்சுன்னு போட்டுருவோம். என்ன சொல்றீங்க?"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் வீட்டுக்குப் போக அவசரம். கவிநேசன் வாயைத் திறந்தான். இந்திராதேவி அவன் கையைத் தொட்டு அடக்கினார். பேச வேண்டியவள் அங்கேயே நின்றிருந்தாள்.

"சின்னக் குழப்பமா ஐயா? என் படத்தப் போடும்போது நீங்க குழப்பம்னு எழுதலையே. திருடின்னுதானே எழுதுனீங்க."

"அது தினேஷ்வரன் எழுதுனது..."

"நீங்க அழிச்சீங்களா?"

அப்புசாமி தினேஷ்வரனைப் பார்த்தார். தினேஷ்வரன் சுவரைப் பார்த்தான்.

"அவன் பேரப் போடச் சொல்லி நான் கேக்கல," என்றாள் விஜயராணி. "அவன் பேரு எனக்கு வேணாம். எனக்கு என் பேரு வேணும். என் பேரச் சொல்லி, உங்க குரல்ல, இப்பவே, என் முன்னாலயே அனுப்புங்க."

அப்புசாமி கைப்பேசியை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். பிறகு வாய்க்கருகே கொண்டுபோய்ப் பேசத் தொடங்கினார். "எல்லாருக்கும் வணக்கம். நேத்து போட்டியில ஒரு தவறு நடந்துட்டது..."

"யாரு செஞ்சது?" என்றாள் அவள்.

அவர் நிறுத்தினார். அழித்தார். மங்களம் கடைசி வரிசையிலிருந்து, "ஒழுங்காச் சொல்லுங்களேன், பொண்ணு நிக்கிதுல்ல!" என்று அதட்டினார்.

அப்புசாமி எழுந்து நின்றுகொண்டு மறுபடி பேசினார். "வணக்கம். நான் அப்புசாமி பேசுறேன். செலண்டார் விஜயராணி எந்தத் தப்பும் செய்யல. விசாரிக்காம அந்தப் பிள்ளை மேல பழி போட்டது நாங்க. தலைவருங்கிற முறையில நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். கோப்பை நேர்மையா அவங்க ஜெயிச்சது."

மண்டபத்தில் இருந்த கைப்பேசிகள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. பவனுடையதும் சிணுங்கியது. தினேஷ்வரன் தன் கைப்பேசியை எடுத்து, நேற்றுப் போட்ட படத்தை ஒவ்வொரு குரூப்பிலும் தேடித்தேடி அழிக்க ஆரம்பித்தான். "சாரி விஜி," என்றான் தரையைப் பார்த்து. அவள் தலையை மட்டும் அசைத்தாள். மன்னித்தாளா என்பது அதில் தெரியவில்லை.

கண்ணெதிரே கேட்ட அதே வார்த்தைகளை அவள் கைப்பேசியைக் காதோடு ஒட்டிவைத்து முழுதாக மறுபடி கேட்டாள்.

"பள்ளிக்கு நான் பேசட்டுமா?" என்று கேட்டார் இந்திராதேவி.

"வேணாம் அக்கா. நானே அனுப்புறேன்."

அனுப்பிவிட்டு நின்றாள். கோப்பையை யாரோ கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கவிநேசன் அந்தச் சின்னத் திரையையே முறைத்தான். பதில் வராவிட்டால்? கோப்பையைப் பிடுங்கிய செய்தி முதலில் போய்ச் சேர்ந்து, வேறு யாரையாவது எடுத்திருந்தால்?

கைப்பேசி அதிர்ந்தது. விஜயராணி படித்தாள். மறுபடி படித்தாள். அப்புறம் அதை அப்படியே கவிநேசனிடம் நீட்டிவிட்டு, நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துபோக, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அவன் பதறிப்போய்ப் படித்தான். பள்ளித் தலைமையாசிரியை ஒரே வரிதான் எழுதியிருந்தார்.

"காலையில பிள்ளைங்க காத்திருப்பாங்க, சீக்கிரம் வந்துருங்க டீச்சர்."